பில் இல்லாத சுவிஸ் வாட்ச்

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய வீடுகளில் எத்தனை பெயிண்ட் அடித்தாலும் ஜன்னல் கம்பி துருவேறும். அந்தக் காற்றில் முப்பது வருடப் பழைய சுவிஸ் குரோனோகிராஃபைக் கட்டிக்கொண்டு திரிபவர் முதலில் பார்க்க வேண்டியது, சாவித்திருகுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு பொத்தான்களை. ஸ்டாப்வாட்சை ஓட்டி நிறுத்துவது அவைதான். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் உப்பு ஈரம் அந்த வழியாகப் புகுந்துவிடும். 50 மீட்டர் ஆழம் தாங்கும் என்பதெல்லாம் வாட்ச் புதிதாக இருந்தபோது சொன்ன கணக்கு.

1980-களின் பிற்பகுதி முதல் 2000 வரை வந்தவற்றைச் சேகரிப்பவர்கள் நியோ-விண்டேஜ் என்கிறார்கள். 1988-இல் வந்த ரோலெக்ஸ் டேடோனா 16520 அதில் முன்வரிசை. உள்ளே ஓடுவது ஜெனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ இயந்திரம். மணிக்கு 36,000 துடிப்பை ரோலெக்ஸ் 28,800-ஆகக் குறைத்துக்கொண்டது. இப்படிப்பட்ட வாட்சுகளில்தான் டயல் ஒன்று, முள் இன்னொன்று என்று கோத்து விற்பதும் நடக்கிறது. அக்காலத்து ஒளிப்பூச்சு டிரிடியம். அதன் அரை ஆயுள் 12 வருடத்துக்குச் சற்று மேல். 1990-இல் செய்த டயல் இன்று இரவெல்லாம் பளிச்சென்று மின்னினால், யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள்.

ஆனால் இயந்திரத்தைவிட எனக்குப் பயம் தருவது பில் இல்லாமைதான். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கடத்தல் சரக்கென்று நியாயமாக நம்பி அதிகாரிகள் கைப்பற்றினால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் வைத்திருந்தவர் தலையில். 'துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தார்' என்ற பேச்சு அங்கே செல்லாது.

ரொக்கமாகத் தந்தால் விலை குறையும் என்பார்கள். ஒரே வியாபாரத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. அபராதம் பணம் பெற்றவருக்கு; ஆனால் வாங்கியதற்குச் சான்றில்லாமல் நிற்பது நீங்கள்.

கடைக்காரர் ஏமாற்றினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கடை சென்னையில் இருந்தாலும் மரக்காணத்துக்காரர் விழுப்புரம் மாவட்ட ஆணையத்திலேயே தரலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கே செல்லும். முதலில் 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம். ஒரு சிக்கல்: லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கொள்ளாது. தன் வாட்சைத் தானே விற்கும் தனிநபரிடம் ஏமாந்தாலும் இந்த வழி கைகொடுப்பது கடினம். மோசடி என்றால் காவல்துறை, இணையத்தில் பணம் போயிருந்தால் உடனே 1930.

பில்லில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் வேண்டும். டயல், முள், இயந்திரம் எல்லாம் மூலப்பாகங்களே என்று ஒரு வரியும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். கடலோரத்தில் இருப்பவர் ஆண்டுக்கொரு முறை நீர்புகாச் சோதனை செய்துகொள்ளலாம். பொத்தானை மாற்ற நேர்ந்தால், கழற்றிய பழைய பொத்தானைக் கேட்டு வாங்கி, சின்னப் பொட்டலமாக அந்த பில்லோடு சேர்த்து வையுங்கள்.