உப்பரிக்கும் வெளிச்சுவர்: ஒட்டுப்போட்டால் போதுமா, மொத்தமாகக் கொத்த வேண்டுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் ஊர்களில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். வீட்டின் மேல்பாதி பளிச்சென்று இருக்கும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு மட்டும் பெயின்ட் உப்பி, பூச்சு பொரிந்து, வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

பண்டிகைக்கோ, வீட்டில் ஒரு விசேஷத்துக்கோ பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிடும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். ‘சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்து அடித்துவிடலாம்’ என்பார் பெயின்டர். ‘மொத்தமாகக் கொத்திப் பூசினால்தான் நிற்கும்’ என்பார் மேஸ்திரி. முதலாவது மலிவு, ஆனால் அடுத்த மழைக்கே உரியலாம். இரண்டாவதற்குச் சாரம், ஆள்கூலி, சிமென்ட் எனப் பெரிய செலவு. எதைத் தேர்வு செய்வது என்று சுவரே சொல்லும். அதைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

சுவருக்குள் உப்பு எப்படி வந்தது?

பச்சைத் தோல் கெடாமல் இருக்க, அதன் எடையில் சுமார் 40 சதவிகிதம் வரை உப்பு போடுவார்கள். தொழிற்சாலையில் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். பதப்படுத்தும்போது சல்பேட் உள்ளிட்ட வேறு உப்புகளும் சேரும். சுத்திகரிக்காமல் விட்ட கழிவுநீர் பல ஆண்டுகளாக நிலத்தில் இறங்கியதன் விளைவை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு ஆகாமல் போனதைப் பதிவு செய்தது. ‘மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்’ என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்ற இந்த வழக்கு முக்கியக் காரணம். 2025 ஜனவரி 30 அன்றும் இதே பிரச்னையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் பாலாற்றைச் சீரமைக்கவும் உத்தரவிட்டது.

வயலைக் கெடுத்த அதே நிலத்தடி நீர்தான் வீடு கட்டவும் பயன்படுகிறது. குடிக்கக் கேன் தண்ணீரோ, காவிரிக் கூட்டுக் குடிநீரோ வாங்குகிற வீட்டில்கூட, கலவை குழைப்பதும் சுவருக்குத் தண்ணீர் விடுவதும் பெரும்பாலும் போர் தண்ணீரில்தான். நாம் வாயில் வைக்காத தண்ணீரைச் சுவர் குடிக்கிறது.

எல்லாப் பழியையும் தோல் தொழிற்சாலைகள் மேல் போட்டுவிடவும் முடியாது. செங்கல்லுக்கு எடுத்த மண்ணிலும், கழுவாத மணலிலும்கூட உப்பு இருக்கும். கழிவறைக் குழாய் கசிந்தாலும் இதே அடையாளம் தெரியும்.

பூச்சு ஏன் பொரிகிறது?

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செங்கல் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். இதைத்தான் ஓதம் என்கிறோம். பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் டி.பி.சி. படலம் போடாத பழைய வீடுகளில் ஓதம் சுலபமாக ஏறும். வெயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு சுவரிலேயே தங்கி, படிகமாக வளர்ந்து, பூச்சைப் பின்னாலிருந்து நெம்பும். மழையில் கரைந்து, வெயிலில் மறுபடி இறுகும். வேலூர் வெயிலில் இந்தச் சுழற்சி பலமுறை நடக்கும். பெயின்ட் மாற்றுவதால் மட்டும் இது நிற்காது.

முதலில் தட்டிப் பாருங்கள்

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே மூன்று சோதனைகளைச் செய்யலாம்.

1. நாணயத்தாலோ சிறிய சுத்தியலாலோ சுவர் முழுக்கத் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வரும் இடங்களில் பூச்சு செங்கல்லைவிட்டு விலகியிருக்கிறது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

2. ஈரம் தெரியும் இடத்தில் ஒரு பாலித்தீன் துண்டை வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். துண்டின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நீர் கோத்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

3. கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து ஒரே சீராக ஏறியிருந்தால் ஓதம். சன்ஷேடு, கைப்பிடிச்சுவர், ஜன்னல் ஓரம் என்றால் மழைநீர். குளியலறைக்குப் பின்புறம் மட்டும் என்றால் முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

ஒட்டுப்போட்டால் எப்போது போதும்?

சாக்பீஸ் வட்டங்கள் சில இடங்களில் மட்டும் இருந்து, மீதிச் சுவர் கெட்டியாகச் சத்தம் கொடுத்தால், மொத்தப் பூச்சையும் எடுக்கத் தேவையில்லை. உதாரணமாக, 30 அடி நீளம், 20 அடி உயரம் உள்ள சுவர் 600 சதுர அடி. கீழே 3 அடி மட்டும் கெட்டிருந்தால் அது 90 சதுர அடிதான். உயரச் சாரம் இல்லாமலே வேலை முடிந்துவிடும்.

ஆனால், கெட்ட இடத்தை மட்டும் சுரண்டினால் பலன் இல்லை. உப்புக் கோட்டுக்கு மேல் குறைந்தது ஒன்று, ஒன்றரை அடி சேர்த்து, செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குகளில் உதிரும் பழைய கலவையையும் அரை அங்குல ஆழம் சுரண்ட வேண்டும்.

மொத்தமாக எப்போது கொத்த வேண்டும்?

வட்டங்கள் சுவரில் பாதிக்கு மேல் பரவியிருந்தால், ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ஒட்டுப்போட்டும் மறுபடி பொரிந்தால், அல்லது மேல்மாடி வரை பூச்சு விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்ந்தால், ஒட்டு வேலை காசுக்குக் கேடு. வீடு கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை குழைத்திருந்தால் இப்படிச் சுவர் முழுக்கத் தெரியும். எப்படியும் முழுச் சுவருக்கும் சாரம் கட்டப்போகிறீர்கள் என்றால், ஒரே முறையில் முடிப்பதுதான் லாபம்.

இது பூச்சு விஷயம் மட்டுமல்ல

சில அடையாளங்களைக் கண்டால் பெயின்டரையும் மேஸ்திரியையும் தாண்டி, ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். செங்கல்லே குழிந்து உதிர்வது, சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளுவது, படிக்கட்டுபோல ஏறும் விரிசல், சன்ஷேடிலோ தூணிலோ துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவது ஆகியவை ஆபத்தானவை. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

2021 நவம்பர் 19 அன்று பேர்ணாம்பட்டில் கனமழையின்போது வீட்டுச் சுவர் இடிந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பழைய சுவர்களைப் பார்த்துவிடுவது அழகுக்காக மட்டுமல்ல. பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால், அதையும் சொல்லிச் சரிசெய்ய வையுங்கள்.

தண்ணீரில்தான் சூட்சுமம்

கொத்தியதும் சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிரும் பொடியைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். சுவர் சில வாரங்கள் வெயிலில் காயட்டும். கோடைக்காலம் இதற்கு ஏற்றது.

கலவைக்கான தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 தரநிலைப்படி, கம்பி உள்ள வேலைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சல்பேட் 400 மில்லிகிராமுக்குள், பி.ஹெச். அளவு 6-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பூச்சுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. தேறவில்லை என்றால் லாரியில் நல்ல தண்ணீர் வாங்குங்கள். பூசிய பிறகு ஒரு வாரம் சுவருக்கு விடும் தண்ணீரும் அதே நல்ல தண்ணீராக இருக்கட்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய வீடு என்றால், கெட்டியான சிமென்ட் பூச்சு வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

இவற்றைத் தவிருங்கள்

* ஈரச் சுவர் மேல் டைல்ஸ், கிரானைட் ஒட்டி மறைப்பது. ஈரம் அதற்கு மேலே போய் வெளிவரும்.
* கொத்திய அன்றே பூசி, பூசிய வாரமே பெயின்ட் அடிப்பது.
* சுவரை ஒட்டி மண்ணைப் பேஸ்மட்டம் மறையும்வரை மேடாக்குவது. தரைச் சரிவு வீட்டைவிட்டு வெளியே போகும்படி இருக்க வேண்டும்.
* மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டுவது.

ஒப்பந்தம் பேசும்போது கூலியை மட்டும் பேசாமல், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எவ்வளவு உயரம் கொத்துவீர்கள், எத்தனை நாள் காயவிடுவீர்கள், எந்தத் தண்ணீரில் குழைப்பீர்கள்? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். டி.பி.சி. இல்லாத வீட்டில், அடிச்சுவரில் துளையிட்டு ஈரம் தடுக்கும் ரசாயனம் செலுத்தும் முறையும் உண்டு. புதுப் பூச்சு போடுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.