எந்த மொழியில் சோதிப்பது?

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் வீட்டில் தமிழ் பேசுவார், பஸ்ஸில் சிங்களத்தில் மிச்சக்காசு கேட்பார், அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதுவார். இவருக்கு மூளையின் பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தால்?

சத்திரசிகிச்சைக்கு முன்னரே எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாம். நோயாளி உள்ளே படுத்தபடி சொற்களை மனத்துக்குள் நினைப்பார். அந்த வேலையைச் செய்யும் மூளைப் பகுதிக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தை ஸ்கேன் படமாக்கிவிடும். 1990இல் விஞ்ஞானி செய்ஜி ஒகாவா குழுவினர் காட்டிய வழி இது. நரம்பிழைகள் ஓடும் பாதையையோ, நீர் மூலக்கூறுகள் நகரும் திசையை வைத்து இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. வரைந்து தரும். எந்தப் பக்கத்தால் கட்டியை நெருங்குவது, எதைத் தொடவே கூடாது என்று வைத்தியர் முன்கூட்டியே திட்டமிடுவார்.

ஆனால் பல மொழி பேசுபவரை ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் போதாது. இருமொழி பேசுவோரின் மூளையில் சில இடங்கள் ஒரு மொழிக்கே கூடுதலாக உதவுகின்றன என்று ஆய்வாளர்கள் ஓஜெமனும் விட்டேக்கரும் 1978இலேயே எழுதினார்கள். எனவே தாலாட்டுக் கேட்ட மொழி எது, சம்பளம் வாங்கித் தரும் மொழி எது என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.