சேர்வையருக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

களனிப் பக்கம் பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்குகிறவரும், வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவரும் உறுதியோடு பிளானையும் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பிளானில் எல்லோரும் கையெழுத்து வைக்க முடியாது. 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி, நில அளவைப் பேரவையில் பதிந்து ஆண்டுதோறும் உரிமம் எடுக்கும் சேர்வையருக்கே அந்த உரிமை. தனியாராகத் தொழில் செய்ய விரும்புபவருக்கு இதுதான் முதலீடு. அரச வேலை வேண்டுமென்றால் 1800 இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் இருக்கிறது. காணி உரித்தைப் பதிந்து கொடுக்கும் 'பிம்சவிய' திட்டத்துக்கு அளப்பவர்கள் அதன் ஆட்கள்தான்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தவர்கள் பெலிஹுலோயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானம் படிக்கலாம். செய்மதி, ட்ரோன், கணினி வரைபடம் எல்லாம் அங்கே பாடம். களனி கங்கை பெருகினால் எந்த ஒழுங்கைக்குள் முதலில் தண்ணீர் வரும் என்று காட்டும் படம், நிலத்தின் உயரத்தைத் துல்லியமாக அளந்தவர்கள் தந்த தரவிலிருந்தே வருகிறது. 2021 இல் திறந்த புதிய களனிப் பாலம் போன்ற கட்டுமானங்களில் ஒவ்வொரு தூணும் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பவர் பொறியியல் அளவையாளர். வெயிலும் சேறும் பிடிக்காதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

நம் பிள்ளைகள் அதிகம் யோசிக்காத ஒன்று கடலடி அளவை. முகத்துவாரத்தில் கங்கை கொண்டு வந்து தள்ளும் மணலுக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் கொழும்புத் துறைமுகம். அங்கே பெரிய கொள்கலன் கப்பல்கள் கட்டும் துறையின் ஆழம் 18 மீற்றர். படகிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பார்கள். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் அதைக் கழிக்காமல் விட்டால் கணக்குப் பிழைக்கும். இத்துறைக்குச் சர்வதேசத் தரச் சான்றிதழ் உண்டு, கப்பல் போகும் நாடெல்லாம் வேலையும் உண்டு.

மொறட்டுவையில் படிக்கும் கணிய அளவையியல் வேறு தொழில். கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, கம்பி, கூலி என்று கணக்கிட்டு ஒப்பந்தத்தைக் கண்காணிப்பது அது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் பலர் இதைத்தான் படிக்கிறார்கள். காணி, கட்டட விலைமதிப்புக்கு ஜயவர்தனபுரவில் தனிப் பட்டம். இவ்விரண்டையும் படித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் காணிப் பிளானில் கையெழுத்து வைக்க முடியாது. விண்ணப்பப் படிவம் நிரப்புமுன் இதை அறிந்திருந்தால் நல்லது.