ஒரு கட்டம் போதும்

நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரில் நான்கைந்து கட்டங்கள் நிரம்பாமல் நின்றுவிட்டால் பெரும்பாலோர் முழு விடையையே கேட்கிறார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரிடம், சிலர் கைப்பேசியிடம். பொறுமை உள்ளவர்கள் மறுநாள் தாளுக்குக் காத்திருக்கிறார்கள். உதவி கேட்பதில் குறையே இல்லை, கேட்கும் அளவில்தான் குறை. மனித நினைவைப் பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், புதிர் போடுபவருக்கு மிகவும் பயன்படும் உதவி ஒரே ஓர் எழுத்துதான் என்று தெரிகிறது. அதுவும் அவர் தனியாக முட்டி மோதிப் பார்த்த பிறகு கிடைக்க வேண்டும். ஆங்கிலத்தைவிடத் தமிழில் அந்த ஓர் எழுத்துக்கு வலு அதிகம் என்பது என் வாதம்.

சொல் தொண்டை வரைக்கும் வந்து வெளியே வராமல் நிற்கும் அவஸ்தையை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966இல் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அதிகம் புழங்காத சொற்களின் பொருளை மட்டும் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டி, அது எந்தச் சொல் என்று கேட்டார்கள். குறுக்கெழுத்துக் குறிப்பும் ஏறக்குறைய இதேதான். சொல் வராமல் தவித்தவர்களிடம் முதல் எழுத்தை மட்டும் ஊகிக்கச் சொன்னபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை சரியாகச் சொன்னார்கள். சொல்லுக்கு எத்தனை அசை என்பதையும் குருட்டு ஊகத்தால் வரக்கூடியதைவிட நன்றாகவே சொன்னார்கள். அப்படியானால் அந்தச் சொல் மறந்துபோகவில்லை. பொருள் கைக்கு வந்துவிட்டது, ஒலியில் பாதி வந்துவிட்டது, மீதி மட்டும் எட்டவில்லை. அதே ஆண்டு எண்டல் டல்விங்கும் ஸீனா பேர்ல்ஸ்டோனும் செய்த சோதனை இதை வேறு பக்கமிருந்து உறுதிப்படுத்தியது. சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தவர்களுக்கு, அந்தச் சொற்கள் எந்தெந்த வகையைச் சேர்ந்தவை என்பதை மட்டும் நினைவூட்டினார்கள். உதவி இல்லாதபோது வராத பல சொற்கள் அப்போது வந்தன. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கயிறுதான் நீளம் போதவில்லை. முழு விடையையும் சொல்லிவிடுவது, அந்தக் கிணற்றை மூடிவிட்டு வேறு கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பதாகும்.

எந்தத் துப்பு கயிற்றை நீட்டுகிறது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லீஸ் ஏப்ரம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட முடிவு, தமிழில் புதிர் போடுபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. தேடும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தில் தொடங்கும் வேறு சொற்களைக் காட்டியது அவ்வளவாக உதவவில்லை. முதல் அசை முழுவதும் ஒத்த சொற்களைக் காட்டியபோதுதான் நின்ற சொல் வெளியே வந்தது. ஆங்கிலக் கட்டத்தில் கிடைப்பது வெறும் மெய்யொலியாகவோ, பலவிதமாக ஒலிக்கக்கூடிய உயிராகவோ இருக்கும். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த மெய்யில் தொடங்குவதில்லை. ஆகவே தமிழ்க் கட்டங்களில் முதல் கட்டம் எப்போதும் உயிர் அல்லது உயிர்மெய். கிட்டத்தட்ட முழு அசை. ஏப்ரம்ஸின் சோதனை தமிழில் நடந்ததல்ல. இந்த இணைப்பைப் போடுவது நான். ஆனால் வலிந்து போட்ட இணைப்பு அல்ல.

முதல் கட்டம் மட்டுமல்ல, நடுக்கட்டமும் தமிழில் நிறையப் பேசும். 26 எழுத்துகளில் ஒன்று தெரிவதைவிட 247 எழுத்துகளில் ஒன்று தெரிவது அதிகச் செய்தி. எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் புழங்குவதில்லை என்பதால் அந்த வேறுபாட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது என்றாலும், வேறுபாடு பெரியதுதான். அதற்கு மேல் தொல்காப்பியம் வகுத்த மெய்ம்மயக்க விதிகள் இருக்கின்றன. ஒரு சொல்லுக்குள் க், ச், த், ப் ஆகிய நான்கும் தம் வரிசை எழுத்தோடு மட்டுமே சேரும். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் எளிதாக விடை கிடைக்கக்கூடிய ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம்: “சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கைப் பிழிந்த பின் மிஞ்சும் சக்கை, மூன்றெழுத்து.” நடுக்கட்டத்தில் ப் என்று தெரிந்த கணமே மூன்றாம் கட்டம் ப வரிசையின் 12 எழுத்துகளுக்குள் சுருங்கிவிடுகிறது. தப்பு, உப்பு, சிப்பி என்று மனம் ஓடும். முதல் கட்டத்தில் தி விழுந்தால் திப்பி வந்துவிடும். ஒரு கட்டத்தைக் கொடுத்தால் இரண்டு கட்டங்களுக்கு விடை நெருங்குகிறது. தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானன் 1948இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் குறுக்கெழுத்தையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்தும் வரலாம் என்றால் எழுத்துகளை எப்படி அடுக்கினாலும் புதிர் ஆகிவிடும். கட்டுப்பாடு அளவுக்கு மீறினால் பெரிய புதிரே அமைக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதுவதில் ஏறத்தாழப் பாதியை இந்தக் கட்டுப்பாடே தீர்மானிக்கிறது என்று அவர் மதிப்பிட்டார். குறுக்கெழுத்துக்கு அது ஏற்ற அளவு என்றும் காட்டினார். நம் இலக்கண நூல்கள் சொல்லின் முதலில், இடையில், இறுதியில் எந்த எழுத்து வரும் என்று தனித்தனியே வகுத்திருப்பது இந்தக் கட்டுப்பாட்டின் பட்டியல்தான். பள்ளியில் வறட்டுப் பாடமாகத் தோன்றிய எழுத்தியல், புதிர்க் கட்டங்களின் முன்னே உயிருள்ள கருவியாகிறது. இது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் விஷயம்.

முட்டி மோதுவதுதான் நல்லது என்றால் உதவியே எதற்கு, கடைசிவரை தனியாகப் போராடலாமே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. நார்மன் ஸ்லாமெக்காவும் பீட்டர் கிராஃபும் 1978இல் காட்டியபடி, ஒரு துப்பையும் முதல் எழுத்தையும் வைத்துத் தானாகக் கண்டுபிடித்த சொல், வெறுமனே வாசித்த சொல்லைவிட நன்றாக மனத்தில் தங்குகிறது. அந்தச் சோதனையின் அமைப்பே ஒரு கட்டம் நிரப்பிய குறுக்கெழுத்துக் குறிப்பு போல இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் போராட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி பெத் வாரினரும் கேரின் ஹம்ஃப்ரீஸும் 2008இல் செய்த ஆய்வில், சொல் வராமல் 10 விநாடி தவித்தவர்களையும் 30 விநாடி தவித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நீண்ட நேரம் தவிக்கவைத்த சொற்களே இரண்டு நாள் கழித்தும் அதேபோல நின்றுபோக வாய்ப்பு அதிகம். தவிப்பதையும் மூளை கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எனவே சொல் நெருங்கிவிட்டது என்ற உணர்வு வந்தும் அது வெளிப்படாதபோது பிடிவாதம் பிடிக்காமல் ஓர் எழுத்தைக் கேட்டுவிடுவதே நல்லது.

சொல்லே தெரியாதவருக்கு எழுத்து என்ன செய்யும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. திப்பி என்ற சொல்லைக் கேள்விப்பட்டிராத ஒருவருக்கு மூன்று கட்டங்களையும் காட்டினாலும் நம்பிக்கை பிறக்காது. டேவிட் ஹாம்பிரிக், திமோதி சால்ட்ஹவுஸ், எலிசபெத் மைன்ஸ் மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வும், குறுக்கெழுத்துத் திறமைக்கு முதன்மையான அடிப்படை தர்க்கத் திறனல்ல, பரந்த பொது அறிவுதான் என்று சொல்கிறது. இந்த இடத்தில் முழு விடையைப் பெறுவதைத் தவிர வழியில்லை. அப்போதும் முதலில் ஒரு சொல்லை, தப்பாக இருந்தாலும், ஊகித்து எழுதிவிட வேண்டும். நேட் கார்னெல், மாத்யூ ஹேஸ், ராபர்ட் பியார்க் ஆகியோர் 2009இல் காட்டியது அதைத்தான்: தவறாக ஊகித்துவிட்டு உடனே சரியான விடையைப் பார்த்தவர்கள், நேரடியாக விடையைப் படித்தவர்களைவிட அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பதற்கும் ஆய்வு உண்டு. டீக்கடைப் பெஞ்சில் நாளிதழை விரித்து நாலு பேர் சேர்ந்து புதிர் போடுவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. சேகோ ஆலையில் வேலை பார்த்தவருக்குத் திப்பியும், நெல் வியாபாரிக்குக் கிச்சிலி சம்பாவும், ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு இலக்கியச் சொல்லும் கைவசம் இருக்கும். இந்தக் கூட்டறிவு பெரிய செல்வம். ஆனால் மேரி சூசன் வெல்டனும் கிரிஸ்டல் பெல்லிங்கரும் 1997இல் கண்டதுபோல், சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூரும் குழு, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே நினைவுகூர்ந்து பிறகு ஒன்றுசேர்த்ததைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறது. ஒருவர் உரக்கச் சொல்லும் சொல் மற்றவர் மனத்தில் ஓடும் தேடலை அறுத்துவிடுகிறது என்பது இதற்குத் தரப்படும் முக்கிய விளக்கம். ஆகவே முதல் சுற்றைத் தனியாகப் போட்டுவிட்டு, மிஞ்சியதை மட்டும் பெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். தெரிந்தவரும் “அண்ணே, இரண்டாவது எழுத்து ப்” என்பதோடு நிறுத்திக்கொண்டால், கேட்டவருக்குக் கண்டுபிடிக்கும் வேலை மிச்சம் இருக்கும்.

கணினியே எல்லாவற்றையும் போட்டுவிடும்போது இந்தச் சிரமம் தேவையா என்றால், ஆங்கிலத்தில் அது போட்டுவிட்டது என்பது உண்மை. மாத்யூ கின்ஸ்பெர்க் உருவாக்கிய டாக்டர் ஃபில் என்ற மென்பொருள், பெர்க்லி ஆய்வாளர்களின் துணையோடு 2021இல் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் மனிதர்கள் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் பெற்றது. கட்டங்கள் நிரம்புவதே நோக்கம் என்றால் அதோடு கதை முடிந்தது. இந்தியாவில் நடந்த பரிசுப் போட்டிகளில் நோக்கம் உண்மையிலேயே அதுவாகத்தான் இருந்தது; எதுவும் பொருந்தக்கூடிய குறிப்புகளைக் கொடுத்து, போட்டி நடத்துபவர்கள் முன்பே முடிவு செய்த விடையோடு ஒத்துப்போனால் பணம் என்ற வகைப் போட்டிகளைக் கட்டுப்படுத்தவே 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது, 1957இல் உச்ச நீதிமன்றம் திறமைப் போட்டியையும் சூதாட்டத்தையும் பிரித்துப் பேசியது. பரிசில்லாத அன்றாடப் புதிரில் ஓர் எழுத்தைக் கேட்டு வாங்குவது யாரையும் ஏமாற்றுவதாகாது.

நாளிதழ்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. விடையை மறுநாள் அச்சிடும் வழக்கம் அப்படியே இருக்கட்டும். அன்றைய தாளிலேயே வேறொரு பக்கத்தின் மூலையில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எழுத்தை, மிஞ்சினால் இரண்டை, சிறிய எண்களோடு போடலாம். சொல் வழக்கமானது என்றால் முதல் எழுத்து, அரிதானது என்றால் முதல் எழுத்தோடு நடுவிலுள்ள புள்ளி எழுத்தும் சேரட்டும். இதற்கு இரண்டு அங்குல இடம் போதும்.