அல்ட்ராமேன் ஏன் சரிந்தான்? ஒரு குடும்பத் தொழிலின் கதை

குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கும் ஜொகூர் பாரு அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்தவர்களுக்கும் பொதுவான நண்பன் ஒருவன் உண்டு. வெள்ளியும் சிவப்பும் கலந்த உடல், நெஞ்சில் ஒரு விளக்கு. மூன்று நிமிடத்துக்குள் அரக்கனை வீழ்த்திவிட்டுப் பறந்துவிடுவான். இரவுச் சந்தையில் அவன் பொம்மையைக் கேட்டு அழாத பிள்ளைகள் குறைவு.

அந்த அல்ட்ராமேன் இடையில் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் இல்லாமல் போனான். அவனை உருவாக்கிய குடும்பமும் கடைசியில் நிறுவனத்தை இழந்தது. எப்படி?

வெற்றியே சுமையானது

1954இல் வந்த ‘காட்ஸில்லா’ படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. அவர் 1963இல் சுபுராயா புரொடக்சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1966 ஜூலையில் ‘அல்ட்ராமேன்’ தொடர் ஒளியேறியது. ஜப்பானில் சராசரியாக 35 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வீடுகளில் அதைப் பார்த்தார்கள்.

ஆனாலும் 39 அத்தியாயங்களோடு 1967 ஏப்ரலில் தொடர் நின்றது. காரணம் எளிமையானது. வாரந்தோறும் புதிய அரக்கன் வேண்டும், அதற்கு ரப்பர் உடை தைக்க வேண்டும். சின்னச் சின்னக் கட்டடங்களாக ஒரு நகரத்தையே கட்டி, சில நிமிடங்களில் இடிக்க வேண்டும். பணமும் போதவில்லை, நேரமும் போதவில்லை.

1970இல் எய்ஜி காலமானார். பொறுப்பேற்ற மூத்த மகன் ஹஜிமேயும் 1973இல் மறைந்தார். அதே ஆண்டு எண்ணெய் விலை ஏறி, ஜப்பானில் எல்லாச் செலவும் கூடியது. இரண்டாவது மகன் நொபோரு தலைமையேற்றார். 1975 மார்ச்சில் ‘அல்ட்ராமேன் லியோ’ முடிந்தது. 1981 மார்ச்சில் ‘அல்ட்ராமேன் 80’ முடிந்தபின், ஜப்பானியத் தொலைக்காட்சியில் அடுத்த புதிய தொடர் வர 15 ஆண்டுகள் ஆயின.

1996இல் வந்த அந்தத் தொடர்தான் ‘அல்ட்ராமேன் தீகா’. மூன்று உருவம் எடுப்பவன் என்பதால் நம் நாட்டு மலாய்ச் சொல்லே அவனுக்குப் பெயராக வாய்த்தது.

அனுமனோடு வந்த வழக்கு

நிறுவனம் மீண்டும் எழுந்த அதே காலத்தில் வேறொரு பிரச்சினை முளைத்தது. தாய்லாந்தின் சாயோ நிறுவனத் தலைவர் சோம்போட், சுபுராயாவோடு சேர்ந்து 1974இல் அனுமனும் அல்ட்ராமேன் சகோதரர்களும் இணைந்து போரிடும் படம் ஒன்றை எடுத்தவர். நொபோரு 1995இல் இறந்த பிறகு, அவர் 1976இல் எழுதிக் கொடுத்ததாக ஓர் ஒப்பந்தத்தை சோம்போட் முன்வைத்தார். அதன்படி, முதல் ஆறு தொடர்களின் ஜப்பானுக்கு வெளியிலான உரிமை அவருடையது.

அந்தத் தாளில் சில தொடர்களின் பெயர்களும் அத்தியாய எண்ணிக்கையும் தவறாக இருந்தன. இருந்தும் 2004இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் சாயோ பக்கம் தீர்ப்பளித்தது. 2008இல் தாய்லாந்து உச்ச நீதிமன்றமோ, ஒப்பந்தம் போலியானது என்றது. அமெரிக்காவில் நடந்த வழக்கில் சுபுராயாவுக்குச் சாதகமான தீர்ப்பு 2018இல் வந்து, 2019இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்பட்டவர் உயிரோடு இல்லாததால், உண்மையைக் கேட்டறியவும் ஆளில்லை.

வழக்கு இழுத்த இந்த ஆண்டுகளில், பழைய தொடர்களை வெளிநாடுகளில் தாராளமாக விற்க முடியவில்லை. உள்நாட்டில் தயாரிப்புச் செலவோ குறையவில்லை. கடன் சுமையில் தத்தளித்த நிறுவனத்தை 2007இல் விளம்பரப் படத் தயாரிப்பு நிறுவனமான டிஒய்ஓ வாங்கியது. 2010இல் அது ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. எய்ஜி தொடங்கிய நிறுவனத்தை அவர் குடும்பத்தால் காப்பாற்ற முடியவில்லை.

மீண்டு வந்த விதம்

2013இல் ‘அல்ட்ராமேன் கிங்கா’ வெறும் 11 அத்தியாயங்களோடு வந்தது. அதன்பின் ஆண்டுக்கு ஒரு புதிய தொடர் என்று முறைப்படுத்தினார்கள். 50 அத்தியாயங்களுக்குப் பதிலாக ஏறக்குறைய பாதி. பழைய அரக்கன் உடைகளுக்கும் மீண்டும் வேலை. பொம்மை விற்பனையோடு ஒட்டிய கதை. யூடியூப் வழியே உலகெங்கும் காட்டினார்கள். 2014இல் நம் நாட்டு ‘உப்பின் இப்பின்’ தொடரிலும் ‘அல்ட்ராமேன் ரிபுட்’ என்ற பெயரில் வந்தான். ராஜுவைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இவனையும் தெரியும்.

பார்க்க ஆளில்லாததால் அல்ட்ராமேன் சரியவில்லை. வரவுக்கு மீறிய செலவும், ஒரே ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒப்பந்த விவகாரமும்தான் அவனைத் தள்ளாட வைத்தன. சாப்பாட்டுக் கடையோ, லோரித் தொழிலோ, நகைக்கடையோ நடத்தும் நம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அப்பா யாரோடு என்ன ஒப்பந்தம் செய்தார், அந்தத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை, அவர் இருக்கும்போதே பிள்ளைகள் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.