கைப்பிடியில் தொடங்கும் கைத்தொழில்

ஒரு தொழிலைத் தொடங்க எவ்வளவு முதல் வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் நம்மிடையே ஏராளம். எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. இரும்பு வேலையைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பேலியகொடையில் கேட், கிறில் செய்யும் சிறிய பட்டறையொன்றை நடத்திவருபவன் என்ற வகையில் இதனை எழுதுகிறேன்.

என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் சிலர் கேட்பது இதுதான்: "நானா, பி.எம்.எக்ஸ் சைக்கிளுக்கு ஹேண்டில் ஒன்றை நாங்களே செய்ய ஏலுமா?" ஏலும். ஆனால் செய்வது வேறு, செய்து விற்பது வேறு.

இந்த ஆசை புதியதல்ல. 1970ஆம் ஆண்டளவில் தென் கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்த சிறுவர்கள், தமது சிறிய சைக்கிள்களில் மண் மேடுகளைத் தாண்டத் தொடங்கினார்கள். சாதாரண சைக்கிள்கள் அந்த அடியைத் தாங்கவில்லை. பலமான பாகங்களுக்குத் தேவை ஏற்பட்டது. மோட்டார் சைக்கிள் சட்டம் செய்துவந்த லின் காஸ்டனின் ரெட்லைன் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே பி.எம்.எக்ஸ் பாகங்களுக்கு வந்து பெயரெடுத்தது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் இந்த விளையாட்டு இடம்பிடித்தது. உடைந்த இடத்தைக் கவனித்தவர்களுக்கே அங்கு வியாபாரம் கிடைத்தது.

அளவில் கவனம்

பழைய சோனகத் தெருவுக்குப் போய் "அரை அங்குலக் குழாய் தாருங்கள்" என்று கேட்டு வாங்கி வருவதுதான் புதியவர்கள் விடும் முதல் பிழை. அரை அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளி விட்டம் 21.3 மில்லிமீற்றர். பி.எம்.எக்ஸ் ஹேண்டிலின் பிடிமானம் 22.2 மில்லிமீற்றர், அதாவது 7/8 அங்குலம். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஆனாலும் ஸ்டெம் இறுகப் பிடிக்காது; பாய்ந்து இறங்கும்போது ஹேண்டில் முன்னால் சுழன்றுவிடும். அத்துடன் அக்குழாயில் நாகப் பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமல் ஒட்டினால் எழும் புகை இரவில் குளிர் காய்ச்சலைத் தரும்.

கதிரை, மேசை செய்யப் பாவிக்கும் 7/8 அங்குலக் குழாய் பழகுவதற்கு ஏற்றது. 29 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் கொண்ட ஹேண்டிலுக்கு, ஓரம் வெட்டும் அளவையும் சேர்த்து 42 அங்குலம் போதும். குறுக்குக் கம்பிக்கு 12 அங்குலம். ஆக ஒரு ஹேண்டிலுக்கு 54 அங்குலம். 20 அடிக் குழாயொன்றில் நான்கு ஹேண்டில் வெட்டலாம். மிஞ்சும் 24 அங்குலத்தில் ஒட்டிப் பழகலாம்.

வளைப்பும் ஒட்டும்

பிரதான குழாயில் நான்கு வளைவுகள் உண்டு. குழாய் நசுங்காமல் வளைக்க அதற்குரிய அச்சு வேண்டும். புதியவர் அந்த இயந்திரத்தை வாங்கத் தேவையில்லை. கதிரை செய்யும் பட்டறையொன்றில் கூலி கொடுத்து வளைத்துக்கொள்ளலாம். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைப்பவர்களும் உண்டு. அந்த மணல் நன்றாக வறுத்த மணலாக இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே நீராவி அடைபட்டு முனை வெடித்துப் பறக்கும்.

குறுக்குக் கம்பியின் இரு முனைகளையும் மீன் வாய் போல அரை வட்ட அரத்தால் ராவி, பிரதான குழாயில் இடைவெளியின்றிப் பொருந்தச் செய்ய வேண்டும். இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயில் கொஞ்சம் தாமதித்தாலும் ஓட்டை விழும். 2 மில்லிமீற்றர் வெல்டிங் கம்பியும் குறைந்த மின்னோட்டமும் போதும். குறுக்குக் கம்பியில் சிறிய துளை இட்டுக்கொண்டால் உள்ளே சூடாகும் காற்று வெளியேறும். ஒட்டில் குமிழி விழாது. ஒட்டின் ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் வெடிப்பு அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும்.

விற்கலாமா?

கடைகளில் கிடைக்கும் நல்ல ஹேண்டில்கள் குரோமியமும் மொலிப்டினமும் கலந்த 4130 உருக்கினால் ஆனவை. சாதாரண இரும்பைவிட அது கூடுதலான அடியைத் தாங்கும். சைக்கிள்களுக்கான ஐ.எஸ்.ஓ 4210 தரத்தின்படி ஹேண்டிலை மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் பல்லாயிரம் தடவை சோதிக்கிறார்கள். நமது பட்டறையில் அந்த வசதி இல்லை. பாதையில் மெதுவாக ஓடும் சைக்கிளில் நமது முதல் ஹேண்டிலைப் பூட்டிப் பார்க்கலாம். பாய்ந்து விளையாடும் பிள்ளைக்கு அதை விற்கக் கூடாது. நடுவில் முறிந்தால் போவது அந்தப் பிள்ளையின் பல்லோ கண்ணோதான். நமது இலாபத்தால் அதை ஈடுசெய்ய முடியாது.

அப்படியானால் எதற்காக இதைப் பழக வேண்டும்? அளந்து வெட்டுதல், இரு பக்கமும் சமமாக வளைத்தல், மெல்லிய குழாயை ஒட்டுதல் ஆகிய மூன்றையும் கற்றுத்தரும் சிறிய பொருள் இதைப்போல வேறில்லை. இந்தக் கை படிந்தவருக்கு விற்பதற்குப் பொருள்கள் உண்டு. சைக்கிள் கெரியர், கூடைச் சட்டம், நிறுத்தும் ஸ்டாண்ட், தள்ளுவண்டிச் சட்டம் எல்லாம் இதே குழாயில்தான் உருவாகின்றன. மீன் சந்தை 2011இலும் மெனிங் சந்தை அதன் பின்னரும் பேலியகொடைக்கு வந்த பிறகு, சாமான் ஏற்றுபவர்கள் நம் வாசலிலேயே இருக்கிறார்கள். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் பாதைக்கு வந்ததையும் கண்டோம்.

விலை குறிக்கும்போது கழிவை மறக்க வேண்டாம். நான்கு வெட்டி ஒன்று பழுதானால், மிஞ்சிய மூன்றின் விலையில் நான்காவதின் செலவும் சேர வேண்டும். குழாய், கம்பி, மின்சாரம், வளைப்புக் கூலி, பூச்சு, உங்கள் நாட்கூலி ஆகிய ஆறையும் கொப்பியில் எழுதுங்கள். நாட்கூலியை எழுதாதவர் இலாபம் என்று நினைத்துத் தன் உழைப்பையே செலவழித்துக்கொண்டிருப்பார்.

கைப்பழக்கம் வந்ததும் தொழிற் பயிற்சி அதிகார சபையில் வெல்டிங்குக்கான என்.வி.கியூ சான்றிதழைப் பெறுவது நல்லது. பட்டறையில் பழகியவர்களுக்கும் அனுபவத்தைப் பரீட்சித்து அச்சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. உள்ளூரில் கடை போட்டாலும் வெளிநாடு போனாலும் அது கைகொடுக்கும். பிள்ளை பழைய இரும்போடு மினக்கெடுகிறான் என்று பெற்றோர் ஏசாமல், ஒரு முகக்கவசமும் ஒரு சோடி தோல் கையுறையும் வாங்கிக் கொடுத்தால் அதுவே அவனுக்கான முதல் முதலீடு.