சிறாரின் சலப்பை, குடற் கோளாறுகளும் சிகிச்சையாளர் பயிற்சியும்
யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஒரு சமூகம் எந்நோய்களைப் பற்றி வாய் திறந்து பேசுகின்றது, எந்நோய்களை மூடி மறைக்கின்றது என்பது அச்சமூகத்தின் இயல்பை ஓரளவுக்கு உணர்த்துவதாகும். பாடசாலை செல்லும் வயதிலும் படுக்கையை நனைக்கின்ற பிள்ளை, உள்ளாடையில் மலக்கறையுடன் வீடு திரும்புகின்ற பிள்ளை, வகுப்பறையில் கால்களைப் பின்னிக்கொண்டு சலத்தை அடக்கி நிற்கின்ற பிள்ளை ஆகியோர் நம்மிடையே உளர். எனினும் இவர்களது துன்பம் நோயாகக் கருதப்படுவதிலும் பார்க்கக் குறும்பாகவும் சோம்பலாகவும் வளர்ப்பின் குறையாகவும் கருதப்படுவதே பெருவழக்கு. இக்கோளாறுகளிற் பெரும்பாலானவை சத்திரசிகிச்சையின்றி, முறையான பயிற்சி பெற்ற ஒருவரின் துணையுடன் நீங்கத்தக்கவை. அவ்வாறாயின், அப்பயிற்சி எத்தகையதாக இருத்தல் வேண்டும், அது எம்மொழியில் அமைதல் வேண்டும் என்பன பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோளாற்றின் இயல்பு

சலப்பை ஒரு தசைப்பை. அது நிறையும்போது அதன் சுவர் தளர்ந்தும் வாயிலிலுள்ள இறுக்கித் தசை இறுகியும் இருத்தல் வேண்டும்; வெளியேற்றும்போது சுவர் சுருங்க, இறுக்கி தளர்தல் வேண்டும். பிறந்த குழந்தையில் இது தானாக நிகழும் மறிவினை. மூளையும் முண்ணாணும் முதிர்வடையப் பிள்ளை இதனைத் தன் விருப்பின் கீழ்க் கொண்டுவருகின்றது. எனவேதான் ஐந்து வயதுக்கு முன்னர் படுக்கை நனைதலை நோயெனக் கொள்வதில்லை. ஐந்து வயதிலும் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் இரவில் நனைக்கின்றனர் என்பதும், அவர்களுள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழிலொருவர் எச்சிகிச்சையுமின்றியே தேறுகின்றனர் என்பதும் பல நாடுகளில் அறியப்பட்டவை.

சலப்பையைப் பற்றிப் பேசும்போது குடலை மறந்துவிடுதல் ஒரு பெருந்தவறு. இறுகிய மலத்தால் ஒருமுறை நோவடைந்த பிள்ளை, அடுத்த முறை அடக்குகின்றது. அடக்க அடக்க மலம் நேர்குடலிற் தேங்கி மேலும் இறுகுகின்றது. குடற்சுவர் விரிந்து உணர்ச்சி மங்குகின்றது. பின்னர் தேங்கிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் பிள்ளை அறியாமலே கசிகின்றது. பெற்றோர் இதனை வயிற்றோட்டம் என்றோ வேண்டுமென்று செய்த அசுத்தம் என்றோ எண்ணுகின்றனர். உண்மையில் இது மலச்சிக்கலின் முற்றிய நிலையாகும். விரிந்த நேர்குடல் அருகிலுள்ள சலப்பையை அழுத்த, சலக்கசிவும் சலத்தொற்றும் தொடர்கின்றன.

இத்தொடர்பினை 1997 இல் வெளியான லோனிங் பௌக்கே அவர்களின் அமெரிக்க ஆய்வொன்று தெளிவுறுத்தியது. நாட்பட்ட மலச்சிக்கலுடைய 234 பிள்ளைகளுள் 29 சதவீதத்தினர் பகலிலும் 34 சதவீதத்தினர் இரவிலும் சலம் கசியும் நிலையில் இருந்தனர். மலச்சிக்கல் தீர்ந்தவர்களுள், பகற்கசிவு 89 சதவீதத்தினருக்கும் இரவுக்கசிவு 63 சதவீதத்தினருக்கும் நின்றது. சலப்பைக்கென எதுவும் செய்யாமலே சலப்பை சீரடைந்தது என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

இலங்கையிலும் இத்துறையில் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. சாமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோர் பத்து முதல் பதினாறு வயதுப் பாடசாலை மாணவரிடையே நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஏறத்தாழ 15 சதவீதத்தினர் மலச்சிக்கலுடையோராகவும் 2 சதவீதத்தினர் மலக்கசிவுடையோராகவும் இருந்தனர். மலக்கசிவுடையோருள் ஐவரில் நால்வருக்கு அடிப்படைக் காரணம் மலச்சிக்கலே. போரினாற் பாதிக்கப்பட்ட பகுதியில் வாழ்ந்த பிள்ளைகளிடையே மலச்சிக்கல் 18 சதவீதமாகவும் ஏனையோரிடையே 14 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் காணப்பட்டமை, குடலின் கதை உடலின் கதை மட்டுமன்று என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

2. சமூகப் பின்புலம்

குடாநாட்டின் வாழ்நிலையோடு இணைத்து நோக்கும்போதே இக்கோளாறுகளின் முழுப் பரிமாணமும் புலனாகும். பிள்ளைகள் காலை ஏழரை மணிக்குப் பாடசாலையில் இருத்தல் வேண்டும். உணவு உண்டவுடன் பெருங்குடல் இயங்குவது உடலின் நியதி. காலையுணவுக்குப் பின்வரும் அரைமணி நேரமே மலங்கழித்தற்கு மிக உகந்தது. அந்த அரைமணி நேரத்தையே நமது கல்விமுறை பிள்ளையிடமிருந்து பறித்துக்கொள்கின்றது. பாடசாலை முடிந்ததும் ரியூற்றறி; ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் அதிகாலையிலும் வகுப்பு. இடைவேளை குறுகியது, மலசலகூடத்திற் கதவுக்குக் கொண்டியில்லையெனில், வாளியில் நீரில்லையெனில், பெண்பிள்ளைகள் நாள் முழுவதும் அடக்கியே இருப்பர். அடக்குவதற்காக நீரருந்துவதையும் தவிர்ப்பர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத, சுண்ணக்கற் பாறையின் நிலத்தடி நீரையே நம்பிய ஒரு மண்ணில், மலசலகூடத்துக்கு நீர் என்பது சிறிய விடயமன்று.

உணவிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. தவிட்டரிசிச் சோறும், குரக்கன் பிட்டும், முருங்கையிலையும், பனங்கிழங்கும், ஒடியற்கூழும் இருந்த இடத்தில் வெதுப்பகத்துப் பாணும் பிஸ்கற்றும் வந்து அமர்ந்துள்ளன. நார்ப்பொருள் குறைந்த இவ்வுணவு மலிவானதும் விரைவில் ஆயத்தமாவதுமாகும்; கூலிவேலைக்கு விடியற்புறம் செல்லும் தாயை இதற்காகக் குறைகூறுவது பொருத்தமன்று.

இவற்றோடு இடப்பெயர்வின் அனுபவமும் சேர்கின்றது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தெருவிலிறங்கியதும், 2009 இல் வன்னி மக்கள் முகாம்களில் அடைபட்டதும் வரலாறு. பலர் பகிரும் மலசலகூடத்தின் முன் வரிசையில் நின்ற பிள்ளைக்கு அடக்குதல் ஒரு வாழ்முறையாகவே ஆகிவிடும். இத்தகைய பிள்ளையைத் தண்டிப்பது, சமூகம் இழைத்த தவற்றுக்குப் பிள்ளையைப் பொறுப்பாளியாக்குவதற்கு ஒப்பாகும். தண்டனையால் எப்பிள்ளையும் உலர்ந்ததில்லை. அச்சத்தால் அடக்குதல் கூடியதே கண்ட பலன்.

3. சிகிச்சை என்பது கற்பித்தல்

சுவீடன் முதலிய வட ஐரோப்பிய நாடுகளில் இச்சிகிச்சை தனியொரு துறையாக வளர்ந்துள்ளது. யூரோதெரபி என அழைக்கப்படும் அம்முறையில் மருந்துக்கு முன்னர் விளக்கமும், பழக்கமும், பயிற்சியும் இடம்பெறுகின்றன. தாதியரும் இயன் மருத்துவருமே அதனைப் பெரிதும் நடத்துகின்றனர். அதன் படிமுறைகள் வருமாறு.

முதலாவது, பதிவேடு. இரண்டு நாள்களுக்குப் பிள்ளை குடித்த நீரின் அளவையும் கழித்த சலத்தின் அளவையும், ஒன்றிரண்டு வாரங்களுக்கு மலங்கழித்த நாள்களையும் பெற்றோர் குறித்துவருவர். வயதுடன் ஒன்றைக் கூட்டி முப்பதாற் பெருக்கினால் அவ்வயதில் எதிர்பார்க்கத்தக்க சலப்பைக் கொள்ளளவு மில்லிலீற்றரிற் கிடைக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது 240. அளவு குறிக்கப்பட்ட ஒரு பிளாஸ்ரிக் குவளையே இதற்குப் போதும்.

இரண்டாவது, குடல். தேங்கிய மலத்தை வைத்தியரின் மருந்தால் வெளியேற்றி, பின்னர் மாதக்கணக்கில் மலத்தை இளக்கமாக வைத்திருத்தல் வேண்டும். விரிந்த குடல் பழைய அளவுக்கு மீள நாட்செல்லும். மலம் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் மருந்தை நிறுத்துவதே சிகிச்சை தோற்பதற்கான பொதுவான காரணமாகும்.

மூன்றாவது, இருக்கை. குந்தியிருக்கும் நமது பழைய முறை இடுப்புத்தளத் தசைகளைத் தளரச் செய்யும். கொமட்டிற் கால்கள் தொங்க அமரும் சிறுபிள்ளையின் தசைகள் தளர்வதில்லை. காலடியில் ஒரு சிறு பலகையை வைத்தால் அக்குறை நீங்கும்.

நான்காவது, தசைப்பயிற்சி. மகப்பேற்றுக்குப் பின்னர் பெண்களுக்கென ஆர்னல்ட் கீகல் 1948 இல் விவரித்த பயிற்சி தசையை வலுப்படுத்துவது. சிறார் பலருக்கு வேண்டியதோ அதன் மறுதலை. சலங்கழிக்கும்போதும் இறுக்கியை இறுக்கியே வைத்திருக்கும் பிள்ளைக்குத் தளர்த்தக் கற்பித்தல் வேண்டும். தோலின்மேல் ஒட்டப்படும் மின்வாய்கள் தசையின் இயக்கத்தைத் திரையிற் காட்ட, பிள்ளை விளையாட்டாகவே அதனைக் கற்றுக்கொள்ளும். கருவி இல்லாவிடத்து, வயிற்றிற் கைவைத்துப் பலூனைப்போல் ஊதி மூச்சுவிடும் பயிற்சியும் பயன் தரும். முதியோருக்குச் செய்யும் உட்பரிசோதனை சிறாருக்கு உரியதன்று என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே வலியுறுத்தல் வேண்டும்.

ஐந்தாவது, நனைந்தவுடன் ஒலிக்கும் மணி. மௌரர் தம்பதியர் 1938 இல் விவரித்த இம்முறை, படுக்கை நனைதலுக்கு இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது. எனினும் இரவில் எழுந்து பிள்ளையை எழுப்பப் பெற்றோர் ஆயத்தமாக இல்லாவிடில் கருவி மட்டும் பலன் தராது.

முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்தோரும் முண்ணாண் காயமுற்றோரும் வேறொரு பிரிவினர். 1972 இல் ஜாக் லாபிடெஸ் அறிமுகஞ்செய்த முறை அவர்களின் வாழ்வை மாற்றியது. குறித்த நேரங்களிற் கதீற்றர் ஒன்றைச் செலுத்திச் சலப்பையை வெறுமையாக்குவதற்குக் கிருமியற்ற நிலை வேண்டியதில்லை, சுத்தமான கைகளே போதும் என அவர் காட்டினார். இதனால் வைத்தியசாலைக்குள் அடங்கியிருந்த செயலொன்று தாயின் கைக்கும், பின்னர் பிள்ளையின் கைக்கும் வந்தது. சிறுநீரகம் காக்கப்பட்டது, பிள்ளை பாடசாலைக்குச் சென்றது.

4. யாருக்கு, எதனைப் பயிற்றுதல்?

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு இலங்கையின் பொதுச் சுகாதாரம் வீடுதோறும் செல்லும் ஊழியரை ஆதாரமாகக் கொண்டது. குடும்பநல உத்தியோகத்தர் நுழையாத வீடு குடாநாட்டில் அரிது. ஆகவே பயிற்சி இருபடிகளில் அமைவது தகும். குடும்பநல உத்தியோகத்தரும் ஆசிரியரும் இனங்காண்பதற்கான அறிவைப் பெறல் வேண்டும். இயன் மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், தாதியர் ஆகியோர் சிகிச்சைக்கான திறனைப் பெறல் வேண்டும்.

எதனைத் தாம் செய்யலாகாது என்பதும் பயிற்சியின் பகுதியே. கால்கள் வலுவிழத்தல், முதுகின் அடியிற் குழியோ மயிர்க்கற்றையோ காணப்படல், சலத்துடன் குருதி, காய்ச்சலுடன் கூடிய தொற்று, பெண்பிள்ளையிற் சலம் இடையறாது சொட்டுதல், மிகுதாகத்துடன் உடல் மெலிதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். நன்றாயிருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கினால், அதன்மேல் ஏதும் கொடுமை இழைக்கப்பட்டதோ என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் பணி பற்றிச் சிகிச்சையாளர் அறிந்திருத்தல் இதனாலேயே அவசியமாகின்றது. பெற்றோர் ஒருவர் உடனிருத்தலும், பிள்ளையிடம் அனுமதி கேட்டலும் விதிகளாதல் வேண்டும்.

5. மொழியின் இடம்

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகின்றது. இச்சிகிச்சையின் கருவி சொல். கேட்டறிவதும் சொல்லால், விளக்குவதும் சொல்லால், பழக்குவதும் சொல்லால். ஆயின், இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இயன் மருத்துவப் பட்டக்கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. ஆங்கிலத்திற் கற்ற சிகிச்சையாளர் ஏட்டுத்தமிழில், “மலச்சிக்கல் உண்டா?” எனக் கேட்டால், “இல்லை” என்பதே தாயின் விடையாகும், பிள்ளை நாள்தோறும் சிறிதளவு கழிக்கின்றதல்லவா? அதனையே, “பிள்ளை எத்தினை நாளுக்கு ஒருக்கா வெளிக்குப் போறவர்? இறுகிக் கட்டியாப் போறதோ? போகேக்கை அழுறவரோ?” எனக் கேட்டால் நோயின் வரலாறு முழுவதும் வெளிவரும். பிள்ளையிடம் பேசும்போதோ அதன் வீட்டுச்சொல்லே வேண்டும். கூச்சமின்றி அச்சொற்களை உச்சரிக்கப் பழகுவதும் ஒரு தொழிற்றிறனே.

இவ்விடயத்தில் நமக்கு ஒரு முன்னோடி மரபு உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் கிராமங்களை விட்டகல்வதைக் கண்டு, 1860களிற் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம் முதலிய நூல்கள் அவரும் அவருடைய மாணவரும் ஆற்றிய உழைப்பின் விளைவுகள். அவரது நோக்கில் மதப்பரப்பலும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வைத்தியர் எம்மொழியிற் கற்கின்றார் என்பது அவர் எம்மக்களிடையே தங்குவார் என்பதையும் தீர்மானிக்கும் என அவர் கண்டது, இன்றும் சிந்தனைக்குரியது. மருத்துவ பீடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் இயங்குகின்றது; தமிழ் ஆய்வாளரும் அதே வளாகத்தில் உளர். இவ்விரு சாராரும் இணைந்தால், சிகிச்சையாளருக்கான வினாக்கொத்து, பெற்றோருக்கான பதிவேடு, பிள்ளைக்கான படக்கதை ஆகிய மூன்றையும் குடாநாட்டின் பேச்சுமொழியிலேயே ஆக்குதல் அரிதன்று. வலிகாமத்துச் சொல்லும், வடமராட்சிச் சொல்லும், தீவகத்துச் சொல்லும் அதில் இடம்பெறல் வேண்டும்.

தமிழ் ஆராய்ச்சி என்பது ஏட்டுச்சுவடிகளோடு முடிவதன்று. எட்டு வயதுப் பிள்ளையொன்று தன் உடலுக்கு நேர்ந்ததை அச்சமின்றிச் சொல்வதற்கும், அதனைக் கேட்பவர் விளங்கிக்கொள்வதற்கும் உரிய மொழியை ஆக்கிக்கொடுப்பதும் அதன் பணியே. அத்தகைய மொழியிற் பயின்ற சிகிச்சையாளர் கிடைக்கும்போது, பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் பிள்ளைகள் பலர் மற்றவர்களோடு சேர்ந்தமர்வர்.